மடைக்கும் வயலுக்கும் நடுவில்

நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற சிற்சபேசன், தன்னைவிடப் பத்து வயது இளையவரான உமையாள் அம்மையைக் குருவாக ஏற்று மூன்று வருடமாயிற்று. முதுகில் கூன் விழத் தொடங்கியிருந்தது. கர்வம் இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது. அன்று காலை ஆசிரமத்துக்கு வந்ததே கோபத்தோடுதான்.

ஏரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த புதுக்கழனிக்கு அவர் அளந்து கொடுத்துத்தான் வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டிப் பதினைந்து நாளாகியும் தண்ணீர் வயலை எட்டவில்லை. நாற்று காய்ந்துகொண்டிருந்தது. மடை திறக்கும் இருளாண்டி வழியில் தண்ணீரைத் திருப்பிவிடுகிறான் என்று புதுக்கழனிக்காரர்கள் சொன்னார்கள். சிற்சபேசனும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

அன்று மாலை ஊர்க்கூட்டம். அளவு தெரிந்தவர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருளாண்டிக்கு மடை வேலை போய்விடும். சிற்சபேசனுக்குத் தங்கள் பக்கத்தில் நாற்காலி போடுவதாக அவர்கள் சொல்லியும் வைத்திருந்தார்கள்.

"மேடு பள்ளம் ஒண்ணு விடாம பாத்தேன்மா," என்றார். "எறும்புப் புத்தைக்கூடக் குறிச்சிருக்கேன். மடையைவிட வயல் ஒரு சாண் தாழ்வு. அப்புறம் தண்ணி ஏன் போகல?"

"எங்க நின்னு பாத்தீங்க?"

"மடையிலதான். அங்க புளியமரத்து நிழல் இருக்கு."

அம்மை எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் கொண்டுவந்திருந்த மட்டம் பார்க்கும் கருவியின் முக்காலியைத் தானே தோளில் தூக்கி நடந்தார். சிற்சபேசன் பதறிப்போய்க் கருவிப் பெட்டியோடு பின்னால் ஓடினார். சரியாகப் பாதி வழியில், ஒதுங்க ஒரு செடிகூட இல்லாத பொட்டலில், அம்மை முக்காலியை ஊன்றினார்.

"இங்கேருந்து ரெண்டு பக்கமும் பாருங்க."

அம்மை சொல்லியனுப்பியபடி, மடையில் இருளாண்டியே அளவுகோலைப் பிடித்து நின்றார். வயலில் ஒரு புதுக்கழனிக்காரர் பிடித்தார். சிற்சபேசன் பார்த்தார், கணக்குப் போட்டார், நம்பாமல் மறுபடியும் பார்த்தார். வயல் தாழ்வாக இல்லை. மடையைவிட மூன்று விரல் உயரமாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படித்த பாடம் அது. பார்வை நேராக ஓடும். உருண்டையான பூமி அதற்குக் கீழே வளைந்து இறங்கும், தண்ணீரும் பூமியோடு வளையும். ஒரு முனையில் நின்று நெடுந்தூரம் பார்த்தால், எதிர்முனை உள்ளதைவிடத் தாழ்வாகத் தெரியும். நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பு வரும், ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். எறும்புப் புற்றைக் குறித்தவர் பூமியைக் கோட்டை விட்டிருந்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. இறக்கச் சொல்லாததால் இன்னும் கோலைப் பிடித்தபடி வெயிலில் நின்ற இருளாண்டியைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

"தப்பு என்னோடதும்மா. இதைவிட உசரத்துல இருக்கிற மேல்மடையிலேருந்து வெட்டியிருக்கணும்," என்றார். கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "சாயங்காலம் கூட்டத்துல இதை எப்படிச் சொல்றது?" என்று கேட்டார்.

அம்மை முக்காலியை மடக்கி அவர் கையில் கொடுத்தார்.

"அது இருக்கட்டும். நாற்காலியை எங்க போடச் சொல்லப் போறீங்க?"