இறகில்லாத அம்பு

வையாபுரிக்குக் கோபம் வந்தால் காது மடல் இரண்டும் சிவந்துவிடும். அன்று காலை கொல்லிமலை அடிவாரத்து வில் பயிற்சித் திடலில் வந்து இறங்கியபோது அவை பழுத்த மிளகாய் போல இருந்தன. தோளில் துணி சுற்றிய பழைய வில்.

வயது அறுபது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வில் பிடிக்கக் கற்றதே ஐம்பத்தைந்துக்கு மேல்தான். கற்றுக்கொடுத்த நசீமா அவருக்கு மகள் வயது. ஆனாலும் அவள் மாஸ்டர். அவள் நிற்கும்போது இவர் உட்காரமாட்டார்.

"என் பேரை வெட்டப் போறாங்க மாஸ்டர். சாயங்காலம் வில் சங்கத்துல கூட்டம். வில்லைக் கெடுத்தது நானாம்."

"என்ன பேசப் போறீங்கண்ணா?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன். இப்படி ஒரு அநியாயத்தை எப்படிச் சொல்றது?"

"முதல்ல வில்லுக்கு நாண் பூட்டலாம், வாங்க," என்றாள் நசீமா.

நடந்தது இதுதான். சங்கத்துப் பரணில் வருடக்கணக்காகத் தூசு தின்றுகொண்டிருந்த மரவில் அது. நுனி இரண்டும் முன்பக்கம் சுருண்டிருக்கும் ஜாதி. வையாபுரி அதைத் தேய்த்து மெருகேற்றி உயிர் கொடுத்தார். ஆண்டு விழா மேடையில் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கச் சங்கத் தலைவருக்கு ஆசை வந்தது. இந்த வகை வில் நாண் இல்லாதபோது முன்பக்கமாக வளைந்து நிற்கும். அதற்கு எதிர்ப்பக்கம் வளைத்துத்தான் நாண் பூட்ட வேண்டும். தலைவரோ அது வளைந்திருந்த பக்கமே வளைத்து நாணை மாட்டினார். வில்லின் கீழ்ப்பாதி முறுக்கிக்கொண்டது. மறுநாள், தன்னிடம் கொடுக்கும்போதே வில் கோணல்தான் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். பாடுபட்டவன் தலையிலேயே பழியைக் கட்ட எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்.

நசீமா வெந்நீரில் நனைத்த துணியைக் கீழ்ப்பாதியில் சுற்றினாள். "எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிங்க. சூடு ஆறுற வரைக்கும் விடாதீங்க."

வையாபுரி பிடித்தார். கையில் இருப்பது தலைவரின் கழுத்து என்று நினைத்தாரோ என்னவோ, மரம் முனகியது.

"மெதுவா. மரம் ஒரு தப்பும் பண்ணலையே."

"பத்திக்கிட்டு வருது மாஸ்டர். அந்த ஆளு ரெண்டு தேர்தல்ல நின்னு மண்ணைக் கவ்வினவர். கேமரா எங்கேன்னு தேடிப் போய்ப் பல்லைக் காட்டுவார். அவர் பெரியப்பாவும் அப்படித்தான், ஊர்க் கோயில் தேர்ல…"

"பாத்துக்கிட்டு இருந்தவங்க?"

"எல்லாருந்தான் இருந்தாங்க. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தாங்க?"

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாருந்தான் மாஸ்டர்," என்று வையாபுரி தரையைப் பார்த்தார்.

துணி ஆறியது. முறுக்கு விட்டிருந்தது. நசீமா வில்லின் இரு நுனியிலும் பூட்டுக் கயிற்றை மாட்டி, கயிற்றின் நடுவை மிதித்து வில்லைத் தூக்கினாள். வில் சரியான பக்கம் வளைந்தது. நாண் ஏறி உட்கார்ந்தது. முதல் அம்பை விட்டபோது நாண் தடதடவென்று அதிர்ந்து வையாபுரியின் முழங்கைக்குக் கீழே ஓங்கி அடித்தது.

"தளர்ச்சியா இருக்கு," என்று நாணைக் கழற்றி முறுக்கேற்றி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். மறுபடி முறுக்கினாள். வையாபுரிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது, இவள் நாண் முறுக்குகிறாளே. கடைசியில் சத்தம் அடங்கியது. மூன்று அம்பு விட்டார். மூன்றும் நடுவட்டத்தில் நெருங்கித் தைத்தன.

"சரியாயிடுச்சு மாஸ்டர். இப்பச் சொல்லுங்க."

"இன்னும் சரியாகல."

அவள் ஓர் அம்பை எடுத்து, வாலில் இருந்த மூன்று இறகுகளையும் பிளேடால் சீவிவிட்டுக் கொடுத்தாள். வையாபுரி எய்தார். அது மற்ற மூன்றுக்கும் ஒரு சாண் மேலே போய்க் குத்தியது.

"இறகு இருந்தா வில்லோட கோணலைப் போற வழியில சரிக்கட்டிடும்," என்றாள் நசீமா. "நமக்குத் தெரியவே தெரியாது."

நாணில் அம்பு பொருந்தும் இடத்தில் சுற்றியிருந்த நூலை ஓர் அரிசி அளவு மேலே தள்ளினாள். மொட்டை அம்பு மறுபடி பறந்தது. இம்முறை இறகுள்ள அம்புகளோடு உரசிக்கொண்டு நின்றது.

"இப்ப நடந்ததைச் சொல்லுங்கண்ணா. இறகில்லாம."

"அந்தப் படுபாவி மேடையில ஏறி…"

"இறகு."

"விளம்பரத்துக்கு அலையுற தலைவர்…"

"இறகு."

வையாபுரியின் காது இன்னும் சிவந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் கொடுத்தப்ப வில்லு நேரா இருந்துச்சு. தலைவர் அதைத் தப்பான பக்கம் வளைச்சார். முறுக்கிக்கிச்சு."

நசீமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு சாண் தள்ளித்தான் போகுது."

எதை விட்டுவிட்டுச் சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. புரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. தலைவரின் பொய் அவருக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. விழா நாளிலிருந்து தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. இந்தத் திடல் சங்கத்துக்குச் சொந்தம். தலைவர் நினைத்தால் நாளைக்கே பூட்டி, நசீமாவை வெளியே அனுப்பிவிடலாம். அதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

"நீங்க முன்வரிசையில உக்காந்திருந்தீங்க, மாஸ்டர்." அதோடு நிற்கவில்லை. "அது தப்பான பக்கம்னு உங்களுக்குத் தெரியும். பாத்துக்கிட்டே இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல. மறுநாளும் சொல்லல."

சொன்ன பிறகுதான் அவர் வில்லைக் கீழே இறக்கினார்.

நசீமா இலக்கு வரை நடந்துபோனாள். மொட்டை அம்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் முகத்தில் மறுப்பு இல்லை. அம்பை அவர் கையில் வைத்தாள்.

"சாயங்காலம் இதையே சொல்லுங்கண்ணா. நான் அன்னைக்கு உக்காந்த அதே நாற்காலியிலதான் இருப்பேன். என் முகத்தைப் பாத்துட்டு, கடைசியில சொன்னதை விட்டுடாதீங்க."