உப்புக் குகைக்கு வேலி போட்ட கழுதைப்புலி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சபையில் இருக்கிற பாக்கியமுத்து அண்ணன். என் சின்ன மகளுக்குக் கல்யாணம் ஆன வருஷம், அசன விருந்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அவர் டான்சானியாவில் பதினோரு வருஷம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்து நாடுகளில் மண்ணைத் தோண்டினால் தங்கம், செம்பு, வைரம் என்று எத்தனையோ கிடைக்குமாம். அது யார் கை வழியாக எங்கே போகிறது என்பதுதான் அநேக இடங்களில் ஊர்ச்சனத்துக்குத் தெரியாதாம். அதைச் சொல்ல ஆரம்பித்தவர், இந்தக் கதையில் வந்து நின்றார்.

ஒரு பெரிய புல்வெளி. அதன் நடுவில் ஒரு குன்று. குன்றுக்குள் ஒரு குகை. குகையின் சுவர் முழுக்க உப்பு.

அந்த உப்பை வைத்தது கர்த்தர். தோண்டி உதிர்த்தது தெம்போ என்ற யானையும் அவர் குடும்பமும். நக்கித் தின்றது எல்லோரும். புல் தின்கிற பிராணிக்கு உப்பு இல்லாமல் ஆகாது. குட்டி போட்ட தாய்க்கு இன்னும் அதிகம் வேண்டும். உப்பு இல்லாவிட்டால் மடியில் பால் ஊறாது.

ஒரு வருஷம் குகைக்குள் கூட்டம் நெருக்கியடித்தது. யாரோ ஒரு காட்டுப்பன்றியின் வாலை மிதித்துவிட்டார்கள். அது போட்ட கூச்சலில் மான்கள் மிரண்டு, வரிக்குதிரைகள் மிரண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இனிமேல் ஒரு காவல்காரர் இருந்தால்தான் சரிப்படும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அப்போது ஃபிசி என்ற கழுதைப்புலி முன்னால் வந்தார்.

"எனக்குச் சாப்பாடு எலும்பும் கறியும். உப்பை நான் தொடுகிறதே இல்லை. தின்னாதவன் கையில் கொடுத்தால் ஒரு பொட்டாவது குறையுமா?"

அடடா, சரியான பேச்சு என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கே ஃபிசி காவல்காரர் ஆனார். மறுநாளே குகை வாசலில் முள்வேலி போட்டார். உள்ளே கூட்டம் வந்தால் மறுபடியும் வாலை மிதிப்பீர்கள், நானே எடுத்து வெளியே தருகிறேன் என்றார். காட்டுப்பன்றி எல்லோருக்கும் முன்னால் அதற்கு நன்றி சொன்னது.

முதல் மாசம் ஆளுக்கு ஒரு தேங்காய் அளவு உப்புக்கட்டி கிடைத்தது. அடுத்த மாசம் எலுமிச்சங்காய் அளவு. அதற்கு அடுத்த மாசம் கொட்டைப்பாக்கு அளவு. வாங்கினவர்கள் எல்லாம் வரிசையில் நின்று, "உங்கள் புண்ணியம் ஐயா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தங்கள் உப்பைத் தாங்களே வாங்கிக்கொண்டு அதற்கு ஒரு கும்பிடும் போட்டார்கள்!

கடைசியில் ஒருநாள் ஃபிசி வேலிக்கு வெளியே வந்து நின்று, உப்பு தீர்ந்துவிட்டது, இனி உள்ளே வெறும் கல்தான் என்று அறிவித்தார். கொம்பால் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கட்டுமா என்று தெம்போ கேட்டார். பெரியவரின் பாதம் பட்டால் குகை இடிந்துவிடும் என்று ஃபிசி பணிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "குன்றின் தகப்பனே" என்று கூப்பிட்டு ஒரு கொடி மாலையையும் கழுத்தில் போட்டார். தெம்போ மாலையோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மிலியா என்ற வரிக்குதிரைக்குக் குட்டி பிறந்தது. நல்ல குட்டி, அழகான குட்டி. ஆனால் மிலியாவுக்குப் பால் இல்லை. குட்டி எழுந்து நிற்கும், நாலு அடி நடக்கும், கால் மடங்கி உட்கார்ந்துவிடும். இன்னும் பத்து நாளில் புல் காய்ந்துவிடும். மந்தை தூரதேசம் கிளம்பிவிடும். நடக்க முடியாத குட்டியை மந்தை என்ன செய்யும்? விட்டுவிட்டுத்தான் போகும்.

மிலியா குளத்துக்குப் போனாள். அங்கே கோபே என்ற ஆமை சேற்றில் பாதி உடம்போடு கிடந்தார்.

"என்னம்மா, குடிக்க வந்த நீ தண்ணியையே பார்த்துக்கிட்டு நிக்கிற?"

மிலியா குட்டியின் நிலையைச் சொன்னாள். கோபே மெதுவாகத் தலையை நீட்டினார்.

"ஒரு விஷயம் எனக்கும் விளங்கல. ஆத்துக்கு அக்கரையில இருக்கிற எருமைங்க தினமும் மத்தியானம் குன்றுக்குப் பின்னாடியிருந்து வருதுங்க. வயிறு முட்டக் குடிக்குதுங்க. நேத்து ஒண்ணு என்னையும் சேர்த்துக் குடிச்சிருக்கும். நல்லவேளை, ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்கிட்டேன்."

"அவங்க இடத்துலதான் ஆறே ஓடுதே. இங்க வந்து எதுக்குக் குடிக்கணும்?"

"அதைத்தானே நானும் கேக்குறேன். ஆறு வரைக்கும் போகத் தாங்காத தாகம்னா, அது எதைத் தின்னா வரும்?"

மிலியா தலையைத் தூக்கிக் குன்றைப் பார்த்தாள். ஆண்டவரே, எனக்குப் பேச வாய் கொடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நேரே முள்வேலிக்கு நடந்தாள்.

ஃபிசி வேலி ஓரம் படுத்திருந்தார். முன்னைவிட இரண்டு மடங்கு பெருத்திருந்தார். உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மிலியா கேட்டாள். உள்ளே பாம்பு இருக்கிறது என்றார். பரவாயில்லை, வாசலில் நின்றே பார்க்கிறேன் என்றாள். இதெல்லாம் நிர்வாக விஷயம், குட்டி வளர்க்கிறவர்களுக்குப் புரியாது என்றார். புரிகிற மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். போகமாட்டாள் என்று தெரிந்ததும் ஃபிசி இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளே போனார். ஒரு பெரிய உப்புக்கட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தா, உன் பிள்ளைக்காகத்தான். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மிலியாவுக்கு நாக்கில் நீர் ஊறியது. அங்கேயே நின்று இரண்டு நக்கு நக்கினாள். தாய் அல்லவா, எப்படி நக்காமல் இருப்பாள்? மூன்றாவது நக்குக்கு நாக்கை நீட்டினவள் நிறுத்தினாள். கட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டாள். ஆனால் குட்டியிடம் போகவில்லை. எல்லோரும் மேய்கிற வெளிக்குப் போய், நடுவில் அதைப் பொத்தென்று போட்டாள்.

வெயிலில் உப்பு மினுங்கியது. மான்கள் வந்தன. காட்டுப்பன்றி வந்தது. தெம்போ தன் குடும்பத்தோடு வந்தார். பின்னாலேயே ஃபிசியும் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

தீர்ந்துபோனதாகச் சொன்ன உப்பு இதுதான் என்று மிலியா எல்லோருக்கும் காட்டினாள். அது பழைய மிச்சம் என்றார் ஃபிசி. பழைய மிச்சத்தில் இப்படிப் புதிதாகத் தோண்டின வாசனை வருமா என்று ஒரு மான் மோந்து பார்த்துவிட்டுக் கேட்டது. ஃபிசிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நன்றிகெட்டவளே! உன் பிள்ளைக்கு இரக்கப்பட்டுத்தானே கொடுத்தேன்?"

"பிள்ளைக்காகத்தான் ஐயா வாங்கினேன். பிள்ளைக்காகத்தான் சொல்லவும் செய்றேன்," என்றாள் மிலியா. "இன்னைக்கு ஒரு கட்டி கொடுத்தீங்க. நாளைக்கும் நீங்க மனசு வச்சாத்தானே என் பிள்ளைக்குப் பால்? இந்தா நிக்கிற மானுக்கும் ரெண்டு குட்டி இருக்கு. அவ எந்த வேலியில போய்க் கேப்பா?"

தெம்போ தன் கழுத்தில் கிடந்த கொடி மாலையைக் கழற்றினார். அதை வாயில் போட்டு மென்று விழுங்கினார். நேரே நடந்துபோய்த் தும்பிக்கையால் முள்வேலியைப் பிடுங்கித் தூர எறிந்தார்.

உள்ளே பார்த்தால், பின்பக்கச் சுவரில் புதிதாக ஒரு வழி! அந்த வழியில் மூன்று எருமைகள் நாக்கை வெளியே நீட்டியபடி நின்றன. நீட்டின நாக்கை உள்ளே இழுக்கவும் மறந்துபோயின.

தெம்போ அதட்டினார். எருமைகளில் மூத்தது, "நாங்க திருட வரலை," என்றது. "விலை கொடுத்துத்தான் வாங்குறோம். எங்க மந்தையில செத்துப்போறவங்க எல்லாரையும் உங்க காவல்காரருக்கே விட்டுடுறோம். போன வாரம் எங்க பெரியப்பாவைக் கூடக் கொடுத்தோம்."

எல்லோரும் ஃபிசியின் வயிற்றைப் பார்த்தார்கள். உப்பைத் தொடாதவர்தான். அது பொய்யில்லை.

ஃபிசியை மிதித்துவிடலாமா என்று காட்டுப்பன்றி கேட்டது. வேண்டாம் என்று மிலியா தடுத்தாள். அப்படியானால் கோபேயைக் காவல் வைப்போம், அவரைப்போல நல்லவர் கிடையாது என்று மான்கள் சொல்லின. அதற்குள் கோபேயும் குளத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"என்னை நானே நம்பமாட்டேன். தூங்கினா பத்து நாள் தூங்குவேன்."

"கோபே பெரியப்பா நல்லவர்தான்," என்றாள் மிலியா. "யார் காவல் இருந்தாலும் இருக்கட்டும். ஆனா வேலி மட்டும் வேண்டாம். யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வந்து எட்டிப் பார்க்கணும். அக்கரைக்காரங்க உப்பு கேட்டா குளக்கரையில, எல்லாரும் இருக்கும்போது சத்தமாக் கேக்கட்டும்."

அப்படியே முடிவாயிற்று. அன்றைக்கே எருமைகள் குளக்கரைக்கு வந்து கேட்டன. அவர்களுக்கும் குட்டிகள் உண்டே. கோடையில் குட்டியுள்ளவர்கள் எல்லோரும் ஆற்றங்கரைப் புல்லை மேயலாம், அதற்குப் பதிலாக உப்பு என்று எல்லோர் காதும் கேட்கப் பேச்சு முடிந்தது. ஒரே நாளில் சுரண்டிவிடக் கூடாது, இன்னும் பிறக்காத குட்டிகளுக்கும் சுவரில் மிச்சம் வைக்க வேண்டும் என்று தெம்போ சொன்னார். அதற்கும் எல்லோரும் சம்மதித்தார்கள்.

காவல் வேலை ஃபிசியிடமே இருந்தது. வேலி இல்லை, அவ்வளவுதான். நாள் முழுக்க மான் வந்து பார்க்கிறது, பன்றி வந்து பார்க்கிறது, முயல்கூட வந்து இது என்ன, அது என்ன என்று கேட்கிறது. மூன்றாம் நாள் ஃபிசி, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார்.

மிலியாவுக்குப் பால் ஊறியது. பத்தாம் நாள் காலையில் மந்தை கிளம்பியது. குட்டி தாயின் விலாவோடு ஒட்டி நடந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு துள்ளு துள்ளி முன்னால் ஓடியது. மிலியா அதைக் கூப்பிடவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

எல்லோருக்கும் பொதுவாகக் கர்த்தர் வைத்த சொத்துக்கு நல்ல காவல்காரன் இருந்தால் மட்டும் போதாது. எல்லோரும் எட்டிப் பார்க்கத் திறந்த வாசலும் வேண்டும்.

கேட்ட உங்களிடம் எனக்கு ஒன்றுதான் கேட்க இருக்கிறது. அடுத்த தடவை உங்கள் ஊரில் கிராம சபை கூடும்போது, அடுப்பு வேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, போய் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.