நண்டு முகம் திருப்பாமல் கடலுக்குப் போன கதை

நண்டும் பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், நண்டுகள் நேராகத்தான் நடந்தன. மேட்டு மணலில் வளை, எதிரே கடல். போவதும் வருவதும் முகத்துக்கு நேரே.

அப்போது கரைக்குக் கார்கள் வந்தன. பந்தயத்துக்கென்று செய்தவை அல்ல. கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் போகிற வீட்டுக் கார்கள். கதவுகளைக் கயிற்றால் கட்டி, விளக்குகளைக் கழற்றிவிட்டு மனிதர்கள் பந்தயம் ஓட்ட வந்துவிட்டார்கள். கடல் உள்வாங்கினால் ஈர மணல் சிமெண்டுத் தரைபோல இறுகும். அதன்மேல் வடக்கிலிருந்து தெற்கே சீறி வருவார்கள், மேட்டுக்குப் பின்னால் உள்ள சாலையில் வடக்கே திரும்புவார்கள், மறுபடி வருவார்கள்.

அன்று நெடுங்காலி என்ற பெண் நண்டின் வயிற்றில் முட்டைகள் முற்றியிருந்தன. பொழுது சாய்வதற்குள் கடல்நீரில் விட்டாக வேண்டும். விடாவிட்டால் அத்தனையும் காய்ந்துபோகும். நடுவிலோ கார்கள்.

பந்தயம் நடத்திய ரொட்ரிகோ முதலாளி, உள்ளான் குருவியைத் தூது அனுப்பினார்.

"அக்கா, பந்தயம் முடிஞ்சதும் தாராளமாப் போகலாமாம். முதலாளி வாக்குக் கொடுத்திருக்கார்."

"எப்ப முடியுமாம்?"

"அது... சீக்கிரமே."

"உனக்கு என்ன தர்றதாச் சொன்னார்?"

உள்ளான் தலை குனிந்தது. "சக்கரம் கிளறிப் போடுற புழுவெல்லாம் எனக்கு."

"அதானே பார்த்தேன்!"

மற்ற நண்டுகள் நம்பின. பெரிய மனுஷர் பொய் சொல்வாரா என்று வளை வாசலில் உட்கார்ந்து, ஓடும் கார்களுக்குக் கொடுக்கைத் தட்டி மகிழ்ந்தன. தன் தெருவை உழுகிறவனுக்கே கைதட்டும் கூட்டம் அன்றும் இருந்தது.

நெடுங்காலி உள்ளானுக்கு மேட்டைக் காட்டினாள். சீட்டு வாங்காமல் அந்த வழியே வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விரட்ட, 'பாம்பு உண்டு, ஜாக்கிரதை' என்று அங்கே முதலாளி பலகை நட்டிருந்தார்.

"நான் பிறந்த மேடு அது. ஒரு பாம்பு கிடையாது. இல்லாத பாம்பை எழுதி நட்டவர் பேச்சை நம்பி என் பிள்ளைகளைக் காயவிடச் சொல்றியா?"

தெற்குத் திருப்பத்தில் ஒரு கார் மணலில் புதைந்தது. ஓட்டம் நின்றது.

"முடிஞ்சிடுச்சு!" என்று நண்டுகள் கிளம்பின. நெடுங்காலி அசையவில்லை.

"போகாதீங்க! பந்தயக் கொடியை இன்னும் சுருட்டலை!"

யார் கேட்டார்கள்? புதைந்த காரைத் தள்ளி எடுத்ததும் முதலாளி கத்தினார்: "இன்னும் பத்துச் சுற்று!" கடலையே பார்த்து நடந்த நண்டுகள், பக்கத்திலிருந்து வந்த காரைப் பார்க்கவே இல்லை.

நசுங்கிய நண்டு ஓடுகளின் குவியலைப் பார்த்தபடி நெடுங்காலி நின்றாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தைக் கடலுக்குக் காட்டினால் கார் தெரியாது. காருக்குக் காட்டினால் கடலுக்குப் போவது எப்படி?

முகத்தை வடக்கே கார்கள்மேல் நிறுத்தினாள். காலை மடக்கி, விலாப் பக்கமாக எடுத்து வைத்தாள். மூட்டு விண்ணென்று வலித்தது. ஒரு கார் வந்தது, நின்றாள். கடந்தது, நகர்ந்தாள்.

முதலாளி சிரித்தார். "ஏய் நண்டே, குடிச்சிருக்கியா? கோணலாப் போறே!"

"எனக்குக் கோணல் கால்ல மட்டும்தான், முதலாளி!"

அடுத்த கார் மணலை வாரி இறைத்துக்கொண்டு வந்தபோது, அலை அவளை அள்ளிக்கொண்டது. முட்டைகளைத் தண்ணீரில் உதறிவிட்டாள். அவற்றிலிருந்து வந்தவைதான் இன்றைய நண்டுகள்.

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. கார்கள் எப்போதோ போய்விட்டன. ஆனாலும் கரையில் யார் எவ்வளவு இனிமையாகக் கூப்பிட்டாலும், முகத்தை அவர்மேலேயே வைத்துக்கொண்டுதான் அது தன் வழியே போகிறது.