கூடத்தில் இல்லாதவர்கள்

பங்குனி மாதத்துப் புதன்கிழமை, காலை மணி ஒன்பது இருக்கும். அதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற தணிகாசலம் ஒரு வழவழப்பான கையேட்டுடன் தியான மடத்துக்கு வந்தார். ஆசிரியை ஆனந்தவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் தணிகாசலம் அவரை வணங்கிவிட்டே அமர்ந்தார்.

"வளரும் நாடுகளின் பங்குகளில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டுகள், அம்மா. இந்த நிறுவனத்துக்கு ஆறு உண்டு. பத்தாண்டுக் கணக்கில் ஆறுமே சந்தைச் சராசரியை முந்தியிருக்கின்றன. வெள்ளிக்கிழமை பதினெட்டு லட்சத்துக்குக் காசோலை கேட்கிறார்கள்."

காது கேளாத மகளுக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த மொத்தப் பணமே அதுதான்.

"பிறகென்ன தயக்கம், ஐயா?"

"பிரேசில், வியட்நாம் என்று எங்கெங்கோ போகிற பணம். ஆறில் ஒன்றுகூடவா சறுக்கவில்லை? அதுதான் உறுத்துகிறது. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிழை காணோம்."

"கூடத்தில் அமர்ந்திருப்பவர்களிடம் போய், என் பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்டு வாருங்கள்."

அவர் ஒவ்வொருவராகக் கேட்டார். அரிசி ஆலைக்காரர் ஒருவர் சிரித்தேவிட்டார்.

"பலன் இல்லாமலா இந்த முழங்கால் வலியோட சம்மணம் போட்டிருக்கேன்? நல்லாக் கேட்டீங்க, போங்க!"

தணிகாசலம் திரும்பி வந்தார். "இருபத்து மூன்று பேர். அத்தனை பேரும் பலன் உண்டு என்கிறார்கள்."

"அப்படியானால் நான் நல்ல ஆசிரியைதானே?"

"அதில் என்ன சந்தேகம்?"

ஆனந்தவல்லி சென்ற சித்திரையின் சேர்க்கைப் பதிவேட்டை அவர்முன் வைத்தார். அதில் நூற்றுப் பதினான்கு பெயர்கள் இருந்தன; கூடத்தில் இருந்த இருபத்து மூன்று பேரும் அவர்களில் அடக்கம்.

தணிகாசலம் நூற்றுப் பதினான்கிலிருந்து இருபத்து மூன்றைக் கழித்துப் பார்த்தார். பிறகு ஃபண்டு முகவரைக் கைப்பேசியில் அழைத்தார்.

"தம்பி, பத்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் நிறுவனத்தில் இந்த வகை ஃபண்டு எத்தனை இருந்தது?"

"அதெல்லாம் பழைய கதை, சார். இப்ப இருக்கிறதைப் பாருங்க."

"எத்தனை?"

"பதினேழு சார். சரியாப் போகாததை இந்த ஆறோட இணைச்சுட்டாங்க."

"அந்தப் பதினொன்றின் கணக்கு கையேட்டில் எங்கே?"

"அதுதான் இப்ப இல்லையே, சார்!"

தணிகாசலம் கைப்பேசியைக் கீழே வைத்தார். பிறகு, முதல் முறையாக, ஆசிரியையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மா, அந்தத் தொண்ணூற்றொரு பேர் ஏன் போனார்கள்?"

"நான் சொன்னால் நம்புவீர்களா?"

அவர் பதிவேட்டை மீண்டும் புரட்டினார்.

"அவர்களுடைய முகவரிகளைத் தருகிறேன். நேரில் போய்க் கேளுங்கள். என்னைத் திட்டுபவர் வீட்டுக்கு முதலில் போங்கள்."

வெள்ளிக்கிழமை முகவருக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. அந்த வீடுகளுக்குப் போய்வரத் தணிகாசலத்தின் பேருந்துச் செலவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாயை, வியாழன் காலையிலேயே ஆனந்தவல்லி தம் கையிலிருந்து கொடுத்திருந்தார்.