கிரைண்டர் போட்டால் விழும் ட்ரிப்பர்

"டீச்சர், இந்த ட்ரிப்பர் நம்மள வேலை செய்ய விடாது போல. மூணாவது தடவையா விழுந்துட்டு."

ஏணியில் நின்றபடி சொன்னார் இசக்கிமுத்து. ஐம்பது வயது. லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வயரிங் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொடுக்கும் செண்பகவல்லிக்கு முப்பத்திரண்டு.

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். அடுக்களையில் கிரைண்டரைப் போட்டால் போதும், கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ட்ரிப்பர் விழுந்து மண்டபத்து ஃபேன் எல்லாம் நின்றுவிடும்.

மேனேஜர் ஓடி வந்தார்.

"மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு. வடைக்கு இன்னும் மாவு ஆகல. அந்தச் சனியனைக் கழத்திட்டு நேரா லைன் குடுங்க!"

"ரெண்டு நிமிஷ வேலைதான் டீச்சர். சாயங்காலம் திரும்ப மாட்டிருதேன்."

"சரி அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி கீழ இறங்கி வாங்க."

இறங்கினார்.

"செருப்பைக் கழத்துங்க."

கழற்றினார். தரையெல்லாம் உளுந்து கழுவிய தண்ணீர்.

"நேரா லைன் குடுத்ததும் கிரைண்டர் ஓடும். மாவை நீங்க தள்ளி விடணும்."

அவர் கை கிரைண்டரை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது.

"நானா?"

"நீங்கதான்."

"அதுக்குத்தான் ஆள் இருக்கே, டீச்சர்."

செண்பகவல்லி கிரைண்டர் பக்கம் பார்த்தாள்.

அங்கே மாவாட்டும் பேச்சிக்கனி வெறுங்காலோடு நின்றிருந்தாள். முழங்கை வரை மாவு.

"காலையிலயே மிஷினைத் தொட்டப்போ லேசா சுருக்குன்னுச்சு," என்றாள். "பழசுன்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

இசக்கிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது.

நேராகப் போய் மெயினை அணைத்தார். கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினார். திருப்புளியை எடுத்துக்கொண்டு ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"என்னய்யா பண்ணுதீரு? பந்திக்கு யாரு பதில் சொல்லுவா?"

"நான் சொல்லுதேன்."

மேனேஜர் கத்தினார். யார் யாருக்கோ போன் போட்டார். இசக்கிமுத்து தலையை நிமிர்த்தவில்லை.

மோட்டாருக்கு அடியில் ஒரு வயர். மேல்தோல் தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு இரும்பு உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றினார். எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினார். மீட்டர் வைத்து ஒரு முறை பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார்.

நாற்பது நிமிடம். செண்பகவல்லி ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

மெயினைப் போட்டார். ட்ரிப்பரில் இருந்த சோதனைப் பொத்தானை அழுத்தினார். டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டார்.

கிரைண்டர் ஓடியது. ஃபேனும் ஓடியது. பேச்சிக்கனி உளுந்தை அள்ளிப் போட்டாள்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே அது விழாதுல்லா?"

"விழ வேண்டிய நேரத்துல விழும், சார்," என்றார் இசக்கிமுத்து.