நூற்றுக்கு நூறு

அது ஒரு காலம். எந்தக் காலம் என்று மட்டும் கேட்காதீர்கள். ராஜா தலையில் கிரீடமும் இருந்தது, கையில் செல்போனும் இருந்தது. அப்படி ஒரு காலம்.

வெண்ணாற்றூர் ராஜா திருவுடைநம்பிக்கு ஆராய்ச்சி என்றால் உயிர். அதிலும் வண்ண வண்ணமாகக் கட்டம் போட்டு, கோடு ஏறுகிற மாதிரி படம் காட்டிவிட்டால் போதும், என்ன ஏது என்று கேட்காமல் முத்திரை குத்திவிடுவார். இது ஆஸ்தான ஆய்வாளர் அம்பலப் பண்டிதருக்கு நன்றாகத் தெரியும். அரண்மனை விகடகவி கூத்தையனுக்கும் தெரியும். என்ன செய்வது, கூத்தையனுக்குப் படம் போட வராது.

ஒரு நாள் காலையில் பண்டிதர் சபையில் திரை கட்டி, ஒரு பெரிய பச்சை வட்டத்தைக் காட்டினார்.

"மகாராஜா, கல்வியில் இணையப் பயன்பாடு பற்றி நம் ராஜ்யம் முழுக்க ஆய்வு செய்தாயிற்று. 'உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இணையத்தில் படிக்க வசதி இருக்கிறதா?' என்பதுதான் கேள்வி. நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் சொன்னார்கள். அத்தனை பேரும் 'ஆம்'. நூற்றுக்கு நூறு."

"வட்டம் முழுக்கப் பச்சையாக இருக்கிறதே," என்று ராஜா உருகிப்போனார்.

"ஆகையால் மலையூர்ப் பள்ளிகளை மூடிவிடலாம். பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்துக்கொள்வார்கள்."

சபையின் ஓரத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கருக்காமலைப் பள்ளியின் ஆசிரியை செல்லக்கிளி. பள்ளியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்து, முப்பத்தொரு பிள்ளைகளை விட்டுவிட்டு, இரண்டு நாள் நடந்து இறங்கி வந்திருந்தாள்.

"மகாராஜா, எங்க ஊர்ல சிக்னல் வேணும்னா ஆனைப்பாறை மேல ஏறணும். ஏறினாலும் ஒரே ஒரு கோடுதான் வரும். அதுவும் மேகம் வந்தா போயிடும். இந்தப் பள்ளிக்கூடத்தையும் மூடிட்டா எங்க பிள்ளைங்க மறுபடியும் மிளகு பறிக்கத்தான் போகும்."

பண்டிதர் சிரித்தார். "அப்படியானால் நீங்கள் படிவத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கலாமே அம்மா."

"எந்தப் படிவம்?"

"எல்லோருடைய போனுக்கும் அனுப்பினோமே."

செல்லக்கிளி ராஜாவைப் பார்த்தாள். ராஜா வட்டத்தைப் பார்த்தார்.

"ஒரு அம்மாவின் பேச்சைக் கேட்பதா, நாலாயிரத்து எண்ணூறு பேரின் பேச்சைக் கேட்பதா? சாப்பிட்டுவிட்டு வந்து முத்திரை குத்துகிறேன்," என்றார் ராஜா. "பண்டிதரே, சாப்பிடப் போவதற்கு முன் இன்னும் நாலு படம் காட்டும்."

கூத்தையன் தலையைச் சொறிந்தான். எதிர்த்துப் பேசினால் பண்டிதர் ஐந்தாவது படத்தை எடுப்பார். சத்தமில்லாமல் எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனான்.

நாலு படம் நாற்பது படமானது. சூரியன் மேற்கே சாய்ந்த பிறகுதான் ராஜாவும் பண்டிதரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். அங்கே இலை இல்லை. அடுப்பில் நெருப்பு இல்லை. ஒரு பூனை மட்டும் மூலையில் படுத்திருந்தது.

"சோறு எங்கே?" என்றார் ராஜா.

கூத்தையன் பணிவாக ஒரு ஓலையை நீட்டினான். அதில் கரியால் ஒரு கோணல் வட்டம்.

"என்ன இது, தோசையா?"

"ஆய்வு, மகாராஜா. 'சாப்பிட்டாச்சா?' என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டேன். அத்தனை பேரும் 'ஆச்சு' என்றார்கள். சேனாதிபதி ஏப்பத்தாலேயே பதில் சொன்னார், அதையும் 'ஆம்' என்றே போட்டுக்கொண்டேன். நூற்றுக்கு நூறு. எல்லாரும் சாப்பிட்டாயிற்று என்றால் அடுப்பு எதற்கு? அணைக்கச் சொல்லிவிட்டேன்."

"நான் இன்னும் சாப்பிடவில்லையே."

"ஒருவர் பேச்சைக் கேட்பதா, முந்நூறு பேர் பேச்சைக் கேட்பதா, மகாராஜா?"

ராஜாவின் மீசை துடித்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பண்டிதர் முந்திக்கொண்டார். பாவம், காலையிலும் அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"அடேய் கூத்தையா, நீ எங்கே நின்றுகொண்டு கேட்டாய்?"

"கை கழுவுகிற இடத்தில்தான், பண்டிதரே."

"கை கழுவுகிற இடத்தில் நின்றால் சாப்பிட்டவன்தானே வருவான்? சாப்பிடாதவன் அங்கே எதற்கு வரப்போகிறான்? அவனைத் தேடிப் போயல்லவா கேட்க வேண்டும்? இதெல்லாம் ஒரு ஆய்வா? வெட்கமாக இல்லை?"

கூத்தையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ராஜா மெதுவாகப் பண்டிதர் பக்கம் திரும்பினார். "பண்டிதரே, உம்முடைய படிவம் எதில் போயிற்று?"

"போனில், மகாராஜா."

"இணையம் வழியாகவா?"

"ஆமாம்..." பண்டிதரின் குரல் பாதியில் தேய்ந்தது.

"அப்படியென்றால் இணையம் இல்லாதவன் எப்படி 'இல்லை' என்று சொல்லியிருப்பான்?"

பண்டிதர் பூனையைப் பார்த்தார். பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். வெறும் வயிற்றோடு சிரித்ததால் விலா இழுத்துப் பிடித்துக்கொண்டது. அந்தச் சிரிப்போடே பள்ளிகளை மூடும் ஆணையைக் கிழித்துப் போட்டார். கருக்காமலைக்கு இன்னொரு ஆசிரியரையும் இரண்டு கரும்பலகையும் அனுப்பச் சொன்னார். கூத்தையனுக்குத் தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார். அதற்கப்புறம்தான் அவன் பின்கட்டில் ஒளித்து வைத்திருந்த வத்தக்குழம்பு வெளியே வந்தது.

பண்டிதருக்கும் ஒரு வேலை கிடைத்தது. காகிதப் படிவம் ஒரு கட்டு, நடக்க ஒரு கம்பு. மலையூர் ஒவ்வொன்றுக்கும் தானே ஏறிப் போய், வீடு வீடாகக் கேட்டுவிட்டு வர வேண்டும். செல்லக்கிளிதான் அவரை அழைத்துக்கொண்டு போய்க் கருக்காமலையில் விட்டாள். அதற்கு மேல் அவர் தனியாக ஏறினார்.

பதினைந்து நாள் கழித்து ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை.

"கூத்தையா, பண்டிதர் மலையில் எப்படி இருக்கிறாரோ?"

"அமோகமாக இருக்கிறார், மகாராஜா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏதாவது கஷ்டம் என்றால் உடனே போனில் எழுதச் சொல்லியிருந்தேன். இதுவரை ஒரு வரி வரவில்லை."