இன்று பொடி இல்லை

ஒரு வேலைக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டால் அதில் கேட்க ஒன்றுமில்லை, நாட்டில் நடப்பதுதான். மூன்று பேருமே அந்த வேலையை அடுத்தவள் பக்கம் தள்ளிவிட்டால் யார் தலையில் கட்டுவது? பழனிக்குமார் சார் ஒரு மாலையில் அப்படித்தான் மாட்டிக்கொண்டு முழித்தார். உங்களால் முடிந்தால் அவரை விடுவியுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு வேளாண் கல்லூரியில் அவர் வேளாண் வணிகம் நடத்துகிறார். மாணவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையதே. கல்யாண வீடுகளில் "விவசாயம் படிச்சா ஏர் ஓட்டத்தானே போகணும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது. வங்கியில் வேளாண் அதிகாரி, விதைக் கம்பெனி, உரக் கம்பெனி, ஏற்றுமதி, காய்கறி மண்டி என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். அவர் முடிப்பதற்குள் கேட்டவர் பந்தியில் போய் உட்கார்ந்திருப்பார்.

இறுதியாண்டில் அவருக்குச் செல்லமானவர்கள் மூன்று பேர். அதை முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார், அது வேறு. அர்ஷியா வங்கித் தேர்வில் தேறி, பணியில் சேரும் உத்தரவுக்காகக் காத்திருக்கிறாள். மிருதுளாவின் அப்பாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் மண்டி. படிப்பு முடிந்து மகள் வந்து உட்கார வேண்டும் என்று இப்போதே அங்கே ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். ஜென்சிக்கு வீட்டு வரப்போரம் கொஞ்சம் முருங்கை மரங்கள் உண்டு. கையில் வேலை என்று எதுவும் இல்லை.

செய்முறைப் பாடத்துக்காக மூவரும் கல்லூரி வாசலில் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தார்கள். நிழலில் உலர்த்திய முருங்கை இலையை வாங்கி, அரைத்து, பொட்டலம் போட்டு விற்றார்கள். நன்றாகவே போயிற்று. உலர்ந்த இலை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு தோட்டத்திலிருந்து வரும். மழை பிடித்துக்கொண்ட அந்த வாரம் ஜென்சியின் அம்மா தங்கள் மரத்து இலையை உருவி, வீட்டுக்குள்ளேயே துணி விரித்து உலர்த்தி அனுப்பியிருந்தார்.

ஜென்சி ஒரு பிடி இலையை அள்ளிக் கசக்கிப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்த இலை நொறுங்கும். இது துவண்டது.

"இது காயல. அரைச்சா பூசணம் பிடிச்சிரும். இன்னைக்குக் கடையைச் சாத்திருவோம்" என்றாள்.

"சாத்தவா? தேடி வர்றவங்க ஏமாந்து போவாங்கடி. கடை திறந்தே இருக்கட்டும், இன்னைக்கு இல்லைன்னு வாயால சொல்லிருவோம்" என்றாள் மிருதுளா.

"தொண்டை கிழிய யாரு சொல்லிக்கிட்டே இருக்கறது?" என்று அர்ஷியா ஒரு பலகையை எடுத்து, முத்து முத்தாக எழுதி வாசலில் வைத்தாள்: 'இன்று பொடி இல்லை. இலை சரியாகக் காயவில்லை.'

அந்த வழியே காரில் போன திலகவதி மேடம் பலகையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். முருங்கை இலையை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனத்தின் மேலாளர் அவர். நேரே சாரின் அறைக்கு வந்தார்.

"தோட்டம் தோட்டமாப் போய் இலை பார்த்து வாங்க எனக்கு ஒரு ஆள் வேணும் சார். ஒரே ஒரு இடம்தான் இருக்கு. வாசல்ல இருக்கற பலகை யாரால வந்துச்சோ அந்தப் பொண்ணைக் குடுங்க. சாயங்காலம் நான் கிளம்பறதுக்குள்ள பேரைச் சொல்லிருங்க."

சார் மூவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். தோட்டம் தோட்டமாகப் போகும் வேலை என்றதும் ஜென்சியின் கண்கள் விரிந்ததை அவர் பார்த்தார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வெளியே போனார்கள். பிறகு ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தியாகத் திரும்பி வந்தார்கள்.

முதலில் வந்தவள் அர்ஷியா. "கையெழுத்து மட்டும்தான் சார் என்னோடது. இலை காயலைன்னு ஜென்சி சொல்லலைன்னா நாங்க பாட்டுக்கு அரைச்சு வித்திருப்போம். அவ பேரை எழுதுங்க சார். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

அடுத்து ஜென்சி. துப்பட்டா முனையை முறுக்கிக்கொண்டே நின்றாள். "நான் கடையைச் சாத்தச் சொன்னவ சார். என் பேச்சைக் கேட்டிருந்தா அங்க பலகையே இருந்திருக்காது. திறந்து வைக்கச் சொன்னது மிருதுளாதான். அவளுக்குக் குடுங்க."

அவள் போனதும் மிருதுளா ஓடி வந்தாள். "வாயால சொல்லுவோம்னுதான் சார் நான் சொன்னேன். பலகையில எழுதினது அர்ஷியா. மேடம் பார்த்தது அந்தப் பலகையைத்தானே?"

சார் தலையைப் பிடித்துக்கொண்டார். மூவர் சொன்னதிலும் பொய் இல்லை. மூன்று பெயருக்கும் ஆளுக்கொரு சிபாரிசு. கோபப்படலாம் என்று பார்த்தார், வரவில்லை. இப்படி மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறோமே என்று சந்தோஷத்தில் கண் கலங்கியதுதான் மிச்சம். வெளியே காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

நீங்களே சொல்லுங்கள். அந்தப் பலகை யாரால் வந்தது? சார் எந்தப் பெயரை எழுத வேண்டும்?

விடை: சார் எழுதியது ஜென்சியின் பெயரை. கையில் வேலை இல்லாத பெண்ணாயிற்றே என்று இரக்கப்பட்டு எழுதவில்லை. அர்ஷியாவும் மிருதுளாவும் சொன்ன உண்மையால் அவர்களுக்கு இழப்பில்லை, ஒருத்திக்கு வங்கி இருக்கிறது, இன்னொருத்திக்கு மண்டி இருக்கிறது. ஜென்சி காயவில்லை என்று ஒதுக்கியது தன் அம்மா உருவி அனுப்பிய இலையை. என்னால் வந்ததல்ல என்று தள்ளியது தான் ஆசைப்பட்ட வேலையை. வேண்டியவர் தோட்டத்திலும் இலையைக் கசக்கிப் பார்த்து உள்ளதைச் சொல்ல அவளை விட்டால் யார்? அவளைக் கூப்பிட்டுப் பெயரைச் சொன்னதும் "சார், தப்பா எழுதிட்டீங்க" என்று ஜென்சி பதறினாள். கதவுக்குப் பின்னால் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "சரியாத்தான் எழுதியிருக்காரு! கார் போயிரப் போகுது, ஓடுடி!"